படம் வராத பக்கத்துக்கு நான் முதலில் திறக்கும் கருவி: குரோம் டெவ்டூல்ஸின் நெட்வொர்க் டேப்

இரண்டு வருடத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு வெப் அப்ளிகேஷன் செய்து கொடுத்தேன். குத்துவிளக்கு, வெண்கலப் பானை, செம்புக் குடம், ஈயச் சொம்பு என்று முந்நூற்றுச் சொச்சம் படங்கள். என் மேக்புக்கில் எல்லாம் பளிச்சென்று வந்தன. சர்வரில் ஏற்றி லிங்க் அனுப்பிய கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, விலை எல்லாம் சரியா இருக்கு. படம்தான் பாதிக்கு மேல வரல, கிழிஞ்ச காகிதம் மாதிரி சின்னதா ஒன்னு நிக்குது" என்றார். "இதோ பாக்குறேண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டு அடுத்த இரண்டு நாளும் கோடில் பாதையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். முன்னால் ஒரு சாய்கோடு போட்டேன், எடுத்தேன், இரண்டு புள்ளி வைத்தேன், ஃபோல்டரை இடம் மாற்றினேன், ஒவ்வொரு தடவையும் பில்ட் செய்து ஏற்றினேன். ஒன்று வந்தால் இன்னொன்று போனது. மூன்றாம் நாள் காலையில்தான் குரோம் பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் (டெவ்டூல்ஸ்), பக்கம் கேட்கும் ஒவ்வொரு கோப்பையும் ஒரு வரியாகக் காட்டும் நெட்வொர்க் டேபைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து படித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஏறக்குறைய எல்லாப் படமும் வந்துவிட்டது. அந்த ஒரு டேபைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, தனியாக நிறுவ வேண்டியதும் இல்லை. குரோமுக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸில் எஃப் 12, மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். எட்ஜ், பிரேவ் இரண்டும் குரோமின் அடிப்படையான குரோமியத்தின் மேல் கட்டியவை என்பதால் அவற்றிலும் கிட்டத்தட்ட இதே கருவிதான். 2006-இல் ஃபயர்ஃபாக்ஸுக்கு ஃபயர்பக் என்று ஒரு எக்ஸ்டென்ஷன் வந்தது, அந்தக் காலத்து ஆட்களுக்கு நினைவிருக்கும். இன்று எல்லா பிரவுசரிலும் இருக்கும் டெவலப்பர் கருவிகள் அந்த வழியில் வந்தவைதான்.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், படம் வராதபோது நாம் எல்லோரும் பார்ப்பது நம் கோடை. கோடில் எழுதியிருப்பது நாம் கேட்க நினைத்தது. பிரவுசர் உண்மையில் எந்த முகவரிக்குப் போய்க் கேட்டது, அங்கிருந்து என்ன பதில் வந்தது என்பது கோடில் இல்லை. நெட்வொர்க் டேபில்தான் இருக்கிறது. ஒரு வரியைச் சொடுக்கினால் ஹெட்டர்ஸ் என்ற பகுதியில் முழு முகவரி, ஸ்டேட்டஸ் எண் (கேட்டது கிடைத்ததா என்று சர்வர் சொல்லும் எண்), கன்டென்ட் டைப் (வந்தது என்ன வகைக் கோப்பு என்பது) மூன்றும் வரும். என் அனுபவத்தில் பத்தில் ஒன்பது தடவை இந்த மூன்றைப் படித்தாலே காரணம் கையில் கிடைத்துவிடும்.

பாத்திரக்கடை விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நான் திறந்து பார்த்தபோது, பிழை என்று காட்டும் சிவப்பு வரி ஒன்றுகூட இல்லை. வராத படங்கள் எல்லாவற்றுக்கும் ஸ்டேட்டஸ் 200 என்றே காட்டியது. 200 என்றால் சரியாகக் கிடைத்தது என்று அர்த்தம், அப்படியானால் படம் ஏன் தெரியவில்லை? இரண்டு நாளும் நான் இந்த டேபை எட்டிப் பார்த்துவிட்டு "எல்லாம் 200 தானே" என்று மூடியதற்கு இதுதான் காரணம். மூன்றாம் நாள் ஒரு வரியைச் சொடுக்கி ரெஸ்பான்ஸ் பகுதிக்குப் போனேன். அங்கே படம் இல்லை, என் அப்ளிகேஷனின் முகப்பு ஹெச்டிஎம்எல் இருந்தது. கன்டென்ட் டைப்பிலும் டெக்ஸ்ட் ஹெச்டிஎம்எல் என்றே இருந்தது. நடந்தது இதுதான்: ரியாக்டில் செய்வது மாதிரி, ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பில் ஓடும் ஒற்றைப் பக்க அப்ளிகேஷன்களுக்கு, தெரியாத முகவரி எது வந்தாலும் முகப்பான இன்டெக்ஸ் கோப்பைக் கொடு என்று எஞ்சினெக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் டிரை ஃபைல்ஸ் வரி ஒன்று எழுதுவோம். பக்கங்களுக்கு அது வேண்டும், ரிஃப்ரெஷ் செய்தால் 404, அதாவது கேட்டது இல்லை என்ற பதில், வராமல் இருக்க அதுதான் வழி. ஆனால் அந்த வரி படத்தையும் பக்கத்தையும் பிரித்துப் பார்க்காது. இல்லாத படத்தைக் கேட்டாலும் சிரித்த முகத்தோடு முகப்புப் பக்கத்தைக் கொடுத்து 200 என்று சொல்லிவிடும். பிரவுசர் அதைப் படமாகப் பிரித்துப் பார்த்து, முடியாமல், கிழிந்த காகிதத்தைக் காட்டும்.

ஆகவே நான் முதலில் செய்தது படத்தைச் சரிசெய்வது இல்லை, பிழையை உண்மையைச் சொல்ல வைப்பது. படக் கோப்புகளின் முகவரிகளுக்கு எஞ்சினெக்ஸில் தனியாக லொகேஷன் என்ற விதி ஒன்று எழுதி, கோப்பு இல்லாவிட்டால் 404 கொடு என்று மாற்றினேன். மறுபடி ஏற்றியதும் நெட்வொர்க் டேப் முழுக்கச் சிவப்பு. நிம்மதியாக இருந்தது. உங்கள் தளத்திலும் 200 காட்டும் படம் வரவில்லை என்றால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

சிவப்பு வரிகளை ஒவ்வொன்றாகப் படித்ததில் ஒரே பிழை என்று நான் நினைத்தது நாலைந்து வேறு வேறு பிழைகள் என்று தெரிந்தது.

கடையின் லோகோவும் இரண்டு ஐகான்களும் முகப்பில் வந்தன, பொருள் பக்கத்தில் மட்டும் வரவில்லை. பாதையின் முன்னால் சாய்கோடு இல்லாமல் எழுதினால் பிரவுசர் அதை இப்போது நிற்கும் பக்கத்தின் முகவரியோடு சேர்த்துத்தான் படிக்கும். பொருள் எண் 12-இன் பக்கத்தில் நின்றால், பொருள் என்ற ஃபோல்டருக்குள் இமேஜஸ் ஃபோல்டரைத் தேடும். சாய்கோடு போட்டால் சரி. கிட்ஹப் பேஜஸ் மாதிரி துணை ஃபோல்டரில் தளம் ஓடும் இடங்களில் சாய்கோடு போட்டால் அதுவே பிழையாகிவிடும், அங்கே பில்டின் பேஸ் பாதையை, அதாவது எல்லா முகவரிக்கும் முன்னால் வரும் துணை ஃபோல்டரின் பெயரை, அமைக்க வேண்டும். என் தளம் நேரடி டொமைனில் இருந்ததால் சாய்கோடே போதும்.

அடுத்தது பெரிய எழுத்து, சின்ன எழுத்து. ஒரு நாற்பது படங்கள் இதனால் போயின. கேமராவிலிருந்து வந்த கோப்புகளில் ஜேபிஜி என்பது பெரிய எழுத்தில், என் டேட்டாபேஸில் சின்ன எழுத்தில். விண்டோஸும் சரி, மேக்கின் வழக்கமான அமைப்பும் சரி, இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அப்படி இல்லை, அதற்கு இரண்டும் வேறு கோப்பு. இதில் ஒரு கூடுதல் தொல்லை என்னவென்றால், மேக்கில் பெயரைச் சின்ன எழுத்துக்கு மாற்றிவிட்டு, கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியில் கமிட் செய்தால் மாற்றமே இல்லை என்று கிட் சொல்லிவிடும், ஏனென்றால் அந்த கணினியில் அது எழுத்து வித்தியாசத்தைக் கவனிக்காத அமைப்பில் இருக்கும். கிட் மூவ் கட்டளையால் பெயர் மாற்றினால்தான் பதிவாகும்.

இப்போது சொல்லப்போவதைத் தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் எல்லோரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் இது நம் எழுத்துக்கே உரிய பிரச்சினை. கடைக்காரர் படங்களுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருந்தார். பானை, குடம், விளக்கு எல்லாம் வந்தன. தோண்டி வரவில்லை. தோசைக்கல் வரவில்லை. சொம்பு வரவில்லை. கோயில் மணி வரவில்லை. சர்வரில் போய்ப் பார்த்தால் கோப்பு இருக்கிறது, டேட்டாபேஸில் பெயர் இருக்கிறது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். டேட்டாபேஸிலிருந்து பெயரைக் காப்பி செய்து சர்வரில் தேடினால் இல்லை என்கிறது.

நெட்வொர்க் டேபின் ஹெட்டர்ஸ் பகுதியில் தமிழ் முகவரி தமிழாக இருக்காது. ஒவ்வொரு எழுத்துக்குறியும் சதவீதக் குறிகளோடு மூன்று மூன்று பைட்டாக உடைந்து இருக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் எனக்கு விடை கிடைத்தது அங்கேதான். யூனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதலாம், அது 3 பைட். முன்னால் ஏகாரக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம், அது 6 பைட். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பழைய மேக்குகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களை இப்படிப் பிரித்துத்தான் சேமிக்கும், கடைக்காரருக்குப் படம் எடுத்துக் கொடுத்த ஸ்டுடியோவில் இருந்தது அப்படி ஒரு மேக். நான் டேட்டாபேஸில் அடித்த பெயர்கள் சேர்ந்த வடிவில் இருந்தன. என் மேக்புக் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டதால் எனக்கு எல்லாப் படமும் வந்தது. லினக்ஸ் சர்வர் பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு 404 என்றது. கோப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு சின்ன ஸ்கிரிப்டில் நார்மலைஸ் செய்து, என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். தோண்டியும் தோசைக்கல்லும் வந்தன. ஒகர, ஓகார, ஔகாரம் வரும் பெயர்கள் மட்டும் போகின்றன என்று கண்டுபிடித்த அந்த நிமிடம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது, வேறு எந்தக் கருவியிலும் அதை நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

இன்னும் ஒரு இருபது படங்கள் எனக்கு வந்தன, கடைக்காரருக்கு வரவில்லை. இதுதான் ஆளை அதிகம் குழப்பும் வகை. அவற்றின் முழு முகவரியைப் பார்த்தால் ஆரம்பமே லோக்கல்ஹோஸ்ட் 3000 என்று இருந்தது. சோதனைக்காக என் மேக்புக்கிலிருந்து அப்லோட் செய்த நாட்களில் அப்ளிகேஷன் முழு முகவரியையும் டேட்டாபேஸில் எழுதிவிட்டிருக்கிறது, அந்த டேட்டாபேஸை அப்படியே சர்வருக்கு எடுத்துப் போயிருக்கிறேன். லோக்கல்ஹோஸ்ட் என்பது யார் திறக்கிறாரோ அவருடைய கணினி. என் மேக்புக்கில் அந்த சர்வர் பின்னால் ஓடிக்கொண்டே இருந்ததால் எனக்கு மட்டும் படம் வந்தது, அவருடைய கணினியில் அந்தக் கதவைத் திறக்க ஆளே இல்லை. டேட்டாபேஸில் பாதையை மட்டும் வையுங்கள், டொமைனை ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

இதற்கு ஒரு தம்பி உண்டு, பிளாப் முகவரி. அப்லோட் செய்வதற்கு முன்னால் படத்தைக் காட்டிப் பார்க்க கிரியேட் ஆப்ஜெக்ட் யூஆர்எல் பயன்படுத்துவோம், அது தருவது அந்தப் பக்கம் திறந்திருக்கும் வரைக்கும் மட்டும் செல்லும் தற்காலிக முகவரி. அதைச் சேமித்துவிட்டால் ரிஃப்ரெஷ் செய்ததும் படம் போய்விடும். நெட்வொர்க் டேபில் வரியின் முகவரி பிளாப் என்று ஆரம்பித்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

சில படங்கள் சஃபாரியில் வந்து குரோமில் வரவில்லை. ஸ்டேட்டஸ் 200, அளவும் சரி, டைப் மட்டும் ஹெச்இஐசி. ஐபோன் 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து வழக்கமாக இந்த வகையில்தான் படம் எடுக்கிறது. சஃபாரி 17-இலிருந்து அதைக் காட்டும், குரோம் காட்டாது. ஜேபெக்காக மாற்றினேன், முடிந்தது. அப்புறம் தள்ளுபடிப் பட்டை ஒன்று ஆட்ஸ் என்ற ஃபோல்டரில் இருந்ததால் விளம்பரத் தடுப்பான் வைத்திருந்தவர்களுக்கு வரவில்லை, ஸ்டேட்டஸில் பிளாக்டு என்று இருந்தது. ஃபோல்டர் பெயரை மாற்றினேன், அவ்வளவுதான்.

இனி குறைகள். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரை மதிப்பெண் போனதற்கு முதல் காரணம் நேம் என்ற நெடுவரிசை. முகவரியின் கடைசித் துண்டை மட்டும்தான் அது காட்டும். லோகோ என்று மட்டும் தெரியும், எந்த ஃபோல்டரில் தேடியது, எந்த டொமைனில் தேடியது என்பது தெரியாது. படப் பிழைகளில் பாதி ஃபோல்டரிலும் டொமைனிலும்தான் இருக்கிறது! தலைப்பு வரியில் வலது சொடுக்கு செய்து பாத், டொமைன் இரண்டையும் இயக்கிக்கொள்ளுங்கள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இது எங்கே இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் தெரியும், கருவியே இதைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, டெவ்டூல்ஸைத் திறந்த பிறகு நடப்பதை மட்டும்தான் அது பதிவு செய்யும். திறந்துவிட்டு ரிஃப்ரெஷ் செய்ய வேண்டும், டிஸேபிள் கேஷ் பெட்டியையும் டிக் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சரிசெய்த பிறகும் பழைய படத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். லேஸி லோடிங் வைத்த படங்கள் கீழே உருட்டும் வரை பட்டியலிலேயே வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, எல்லாவற்றையும் இந்த ஒரு டேப் சொல்லாது. படத்தைக் காட்டும் ஹெச்டிஎம்எல் குறியான இமேஜ் டேகில் சி டிரைவ் பாதையைப் போட்டுவிட்டு, "ஃபைல் அங்கதானே அண்ணா இருக்கு, ஏன் வரல?" என்று கேட்கும் மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாட் அலவ்ட் டு லோட் லோக்கல் ரிசோர்ஸ் என்ற பிழை கன்சோல் டேபில்தான் வரும். வெப்பில் இருக்கும் ஒரு பக்கம் உங்கள் வட்டில் உள்ள கோப்பைத் தொட முடியாது, தொட முடிந்தால் எந்தத் தளமும் உங்கள் கணினியைத் துழாவிவிடும், ஆகவே பிரவுசர் தடுக்கிறது. கோப்பைத் தேர்ந்தெடுக்க வைக்கும் ஃபைல் இன்புட் பெட்டியிலிருந்து பாதையை எடுத்தாலும் ஃபேக்பாத் என்று ஒரு பொய்ப் பாதையைத்தான் கொடுக்கும், அதுவும் இதே பாதுகாப்புக்காகத்தான். கோப்பை அப்ளிகேஷனின் பப்ளிக் ஃபோல்டருக்குள் வைத்து சர்வர் வழியாகக் கொடுப்பதைத் தவிர வேறு குறுக்கு வழி இல்லை. ஆகவே நெட்வொர்க்கோடு கன்சோலையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், எஸ்கேப் அழுத்தினால் கீழே திறக்கும்.

ஆண்ட்ராய்டு போனில் படம் வரவில்லை என்றால் யூஎஸ்பி கேபிளில் இணைத்து, கணினியின் குரோமில் இன்ஸ்பெக்ட் பக்கத்தைத் திறந்து போனின் நெட்வொர்க் டேபையே பார்க்கலாம். போர்ட் ஃபார்வர்டிங்கும் அங்கேயே இருக்கிறது, போனில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் கணினியின் சர்வருக்கு வரும். இது எனக்கு மிகவும் பிடித்த வசதி.

ஃபயர்ஃபாக்ஸின் நெட்வொர்க் கருவி எப்படி? நன்றாகவே இருக்கிறது. ஸ்டேட்டஸோடு டொமைனையும் முதலிலேயே காட்டுகிறது, அந்த விஷயத்தில் குரோமைவிட நல்ல பழக்கம். தினசரி வேலைக்குக் குரோமில் இருப்பதற்குக் காரணம் ஆண்ட்ராய்டு இணைப்பும் என் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் குரோமில் இருப்பதும்தான். டெவ்டூல்ஸின் செட்டிங்ஸில் மொழியைத் தமிழுக்கும் மாற்றலாம், ஆனால் பிழைச் செய்தியைத் தேடிப் படிக்க ஆங்கிலத்தில் வைத்திருப்பதே உதவும் என்பது என் அனுபவம்.

கடைக்காரரின் மகள்தான் இப்போது புதுப் பொருள்களின் படங்களை ஏற்றுகிறார், காமர்ஸ் படித்தவர், கோடிங் தெரியாது. போன வாரம் ஒரு படம் வரவில்லை என்று வாட்ஸாப்பில் எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அதில் நெட்வொர்க் டேப் திறந்திருந்தது, பாத் நெடுவரிசையும் இருந்தது. கேட்ட பாதை "உருளி" என்பதோடு நின்றுவிட்டது. கோப்பின் பெயர் உருளி, அப்புறம் ஹேஷ் குறி, அப்புறம் 2. ஹேஷுக்குப் பின்னால் இருப்பதைப் பிரவுசர் சர்வருக்கு அனுப்பவே அனுப்பாது. நான் பதில் எழுதுவதற்குள் அவரே அந்தக் குறியை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றியிருந்தார். அன்று சாயங்காலமே, அப்லோடாகும் கோப்புக்குப் பொருள் எண்ணையே பெயராக வைக்கும்படி அப்ளிகேஷனை மாற்றிவிட்டேன்.